பூச்சுக்கு உள்ளே அலுமினிய வலை

அலுமினியம் துருப்பிடிக்காது என்று சொல்கிறவர்கள் திருகோணமலையில் கடலுக்குக் கிட்ட வீடு கட்டி இருந்து பார்க்காதவர்கள். துருப்பிடிக்காதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இரும்பு ஆணி ஒன்று அதோடு ஒட்டி இருந்தால் போதும். உப்புக்காற்று பட்டு ஆணியைச் சுற்றி வெள்ளையாக மாப் பூத்ததுபோல் வந்துவிடும். தட்டினால் பொலபொலவென்று கொட்டும். பிறகு அந்த ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டு ஆட்டலாம். எத்தனை டிஷ்களில் விட்டு ஆட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

எங்கள் தொழில் டிஷ் அன்ரனா செய்து பூட்டுவது. துறைமுகப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், வீட்டோடு சேர்ந்த தகரக்கொட்டில்தான் பட்டறை. இரும்பு வேலை என் மனிசனுக்கு. கல்வனைஸ் குழாயை வெட்டி, வளைத்து, ஒட்டி, தூணும் தாங்கியும் அவர் செய்வார். வலை வேலை எனக்கு. அலுமினிய வலைச் சுருளை விரித்து, பூவிதழ்போலத் துண்டு துண்டாக வெட்டி, விலா எலும்புகள்போல் நிற்கும் சட்டங்களின்மேல் சுருக்கம் விழாமல் இழுத்து, றிவெட் அடித்து இறுக்குவேன். வானத்திலிருந்து வருகிறதை அந்த வலைதான் பிடித்து, நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. என்கிற சின்னப் பெட்டிக்குள் அனுப்புகிறது. வலையில் ஒரு இடம் குழிந்திருந்தால் அந்த இடத்தில் விழுகிறது வேறெங்கோ போய்விடும். ரீவியில் படம் கட்டம் கட்டமாக உடையும். அதனால் ஒவ்வொரு டிஷ்ஷையும் முடித்தபின் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பேன். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் கைக்குத் தெரியும். என் விரல்களில் அலுமினியம் கீறாத இடம் இல்லை.

இந்த இன்டர்நெட் காலத்தில் டிஷ் யாருக்கு வேண்டும் என்று கேட்பார்கள். கரையோரம் வந்து பாருங்கள். விருந்தினர் விடுதிகளில் வெள்ளைக்காரர்கள் பந்தாட்டம் பார்க்க வேண்டும், இன்டர்நெட்டோ பாதி ஆட்டத்தில் நின்றுவிடும். டிஷ்தான் கைகொடுக்கும். அப்படித்தான் உப்புவெளியில் விடுதி நடத்தும் முதலாளி ஒருவர் எங்களிடம் வந்தார். அவருடைய கூரையில் இருந்த டிஷ் கடற்காற்றுக்குத் திரும்பத் திரும்ப உக்கிப்போய்க்கொண்டிருந்தது.

"துருவும் பிடிக்கக்கூடாது, பூக்கவும் கூடாது. அப்பிடி ஒண்டு செய்து தந்தியள் எண்டால் என்ர மற்றக் கட்டடங்களுக்கும் நீங்கள்தான்," என்றார்.

இவர் தலையைச் சொறிந்தார். துருப்பிடிக்காத எவர்சில்வர் ஆணி போடலாம், ஆணிக்கும் வலைக்கும் இடையில் பிளாஸ்டிக் வளையம் வைக்கலாம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்.

"அண்ணை, பைபரில செய்யலாமே?"

என் மச்சாள். இவருடைய ஒரே தங்கை.

இவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இறக்கக்கண்டிப் பக்கம் பைபர் வள்ளம் செய்யும் யார்ட் ஒன்றில் வேலை செய்தவள். கண்ணாடி நாரில் செய்த பாயைப் போட்டு, அதன்மேல் ரெசின் பசை பூசி, காற்றுக்குமிழி இல்லாமல் உருளையால் உருட்டி உருட்டி, வள்ளம் வள்ளமாக எழுப்பியவள். புருஷன் கட்டாரில். ரெசின் விலை ஏறி யார்ட் மூடியதும், ஒரு பையும் நாலு உருளையுமாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வந்த அன்றே என் குசினியில் பாத்திரங்களை இடம் மாற்றி வைத்தாள். அதைப் பொறுத்துக்கொண்டேன். குசினி போனால் போகட்டும். பட்டறையில் கை வைத்தபோதுதான் எனக்கு வயிறு எரியத் தொடங்கியது.

பொறாமைதான். பூசி மெழுக மாட்டேன். இருபக்கமும் நின்று நாங்கள் இரண்டு பேரும் நிமிர்த்திய பட்டறை அது. அவர் ஒரு முனையில் நிற்க, நான் மறுமுனையில் நிற்க, நடுவில் டிஷ் கிடக்கும். எனக்கு வேறு சொத்து கிடையாது. அந்த மறுமுனைதான் என் இடம். பைபர் வந்தால் சட்டமும் வேண்டாம், றிவெட்டும் வேண்டாம், நானும் வேண்டாம் என்று எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது.

முதலாளி போனதும் இவர் தங்கச்சியைத் தலையில் தூக்கி வைத்து ஆடத் தொடங்கினார். "பாத்தீரே, மூளையெண்டால் உதுதான்!" என்று என்னிடமே வந்து சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் வளவில் நின்றபோதும் அதே கதை. "தங்கச்சி கை வைச்சால் பைபர் பேசும்" என்றார். பக்கத்தில் நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வலைக்கு வாய் இல்லையோ? அது இத்தனை காலமும் ஊமையாகவா கிடந்தது?

ரெசின் மணம் தலைக்குள் ஏறும் என்று என் மேசையைப் பின்பக்கம் கிணற்றடிக்கு மாற்றினார். எனக்காகத்தானாம்! தங்கச்சிக்கும் அதே மணம்தானே? அவளுக்குப் பால். ரெசினோடு வேலை செய்கிறவர்கள் பால் குடிக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம். காலையில் மோட்டார் சைக்கிளில் போய்ப் பசுப்பால் வாங்கி வருவார். என் விரலில் வலை கீறி ரத்தம் வந்தால் "கொஞ்சம் மஞ்சள் வையும்" என்பதோடு அவருடைய வைத்தியம் முடிந்துவிடும். நான் கிணற்றடியில் இருந்து, பால் கிளாஸ் உள்ளே போவதையும் வெறும் கிளாஸ் வெளியே வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளோ நல்லவள் வேடம். "மச்சாள், நீங்களும் வந்து பாருங்கோவன்" என்று தேனாகக் கூப்பிடுவாள். "எனக்கு மணம் ஏலாது" என்று சொல்லிவிட்டேன். ஒரு நாள் வந்து, "மச்சாள், டிஷ்ஷுக்கு முகத்தில வலை வேணுமாம், வெட்டித் தாங்கோ" என்று கேட்டாள். பைபர் தனியே அலைகளைத் திருப்பி அனுப்பாது, அது கண்ணாடியைப்போல எல்லாவற்றையும் தன்னூடாக விட்டுவிடும் என்று இவர்தான் சொல்லியிருக்க வேண்டும். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. வெட்டிக் கொடுத்தேன். நான் வந்து போடவா என்று கேட்கவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

அச்சுக்கு எங்களிடம் கிடந்த பழைய ஆறடித் தகட்டு டிஷ்ஷை எடுத்தார்கள். வலை இல்லாத, முழுத் தகட்டில் செய்த டிஷ் அது. அதில் வைத்து வார்த்து, காய்ந்தபின் கழற்றும் நாளில் இவர் ஒழுங்கையில் உள்ள எல்லாரையும் கூப்பிட்டார். நானும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றேன். மச்சாள் அச்சுக்கும் பைபருக்கும் இடையில் தண்ணீர் ஊற்றினாள். மரச் சுத்தியலால் விளிம்பைச் சுற்றி மெல்ல மெல்லத் தட்டினாள். 'டப்' என்று ஒரு சத்தம். கிளம்பி வந்தது. கவிழ்த்து வைத்தார்கள். அம்மாடி! என்ன பளபளப்பு! முகம் பார்க்கலாம். எல்லாரும் முதுகைத் தடவினார்கள். அவளும் யார்ட்டில் புது வள்ளத்தைத் தட்டிக் கொடுக்கிறதுபோல் தட்டிக் கொடுத்தாள். இவருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான், வேறு காரணத்துக்கு.

பின்னேரம் வளவில் தூணை நட்டு அதைப் பூட்டினார்கள். எல்.என்.பி. வைத்து, வயர் இழுத்து, சிக்னல் பார்க்கும் மீற்றரைக் கொழுவினார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். மீற்றர் முனகியதே தவிரக் கத்தவில்லை. ரீவியில் ஒரு ஆளின் பாதி முகம் வந்து, கட்டம் கட்டமாகி, போய்விட்டது. எல்.என்.பி.யை மாற்றினார். வயரை மாற்றினார். வேர்த்து ஒழுகியது. கூடி நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள்.

நான் சந்தோஷப்பட்டேன். ஏன் பொய் சொல்ல வேண்டும்? உள்ளுக்குள் ஒரு மேளமே அடித்தது. அடித்துக்கொண்டிருக்கும்போதே அவர் திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னார்:

"உம்மட வலைதான் பிழை. சரியா வெட்டேல்லை நீர்."

வந்ததே எனக்கு ஆத்திரம்! சிக்னல் வந்திருந்தால் தங்கச்சியின் பைபர், வராவிட்டால் என்னுடைய வலையாம். எத்தனை டிஷ் வெட்டியிருக்கிறேன் இந்தக் கையால்! செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நேரே டிஷ்ஷடிக்குப் போனேன். கண்ணை மூடிக்கொண்டு உள்முகத்தைத் தடவினேன்.

மேடு. பள்ளம். மேடு. ஒரு இடத்தில் ரெசின் கட்டியாய்த் திரண்டிருந்தது. இன்னொரு இடத்தில் நார்ப் பாய் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வரம்பு கட்டியிருந்தது. அதற்குமேல் என் வலை, பாவம், எங்கெங்கே மேடோ அங்கெல்லாம் ஏறி, எங்கெங்கே பள்ளமோ அங்கெல்லாம் இறங்கிப் படுத்திருந்தது.

"இஞ்சாருங்கோ, இஞ்ச வந்து கையை வைச்சுப் பாருங்கோ," என்றேன். "முதுகை இப்பிடி மினுக்கிப்போட்டு முகத்தை உப்பிடி விட்டிருக்கிறியள். வலை என்ன செய்யும்?"

மச்சாள் ஓடி வந்தாள். "மச்சாள், வள்ளத்தின்ர உள்பக்கம் அப்பிடித்தானே இருக்கும். ஆரும் பாக்கிறேல்லையே," என்றாள்.

"இது வள்ளமே? உள்ளுக்குள்ள மீனே போடப்போறம்?"

அவள் குனிந்து உள்முகத்தைத் தடவிப் பார்த்தாள். அவளுக்குத்தான் முதலில் விளங்கியது, இவருக்கு இல்லை. வள்ளத்துக்குத் தண்ணீரில் ஓடுவது வெளிப்பக்கம். அதனால் வெளிப்பக்கம்தான் அச்சில் ஒட்டி வழவழப்பாக வரவேண்டும். குழிந்த அச்சுக்குள் பாயைப் போட்டு உருட்டினால் முதுகு வழுக்கும், வயிறு கரடாகும். டிஷ்ஷுக்கு வேலை செய்வது வயிற்றுப்பக்கம். அவளுடைய கை இத்தனை காலம் வள்ளம் செய்த கை. தன்பாட்டில் வள்ளத்தையே செய்துவிட்டது.

"கை தானாப் போட்டிட்டுது, அண்ணை," என்றாள். முகம் சிவந்துபோயிற்று.

இவர் ஏசப்போகிறார் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். ஒரு முறை நான் துளை ஒன்றை விலத்திப் போட்டதற்கு ஒரு கிழமை முகம் கொடுத்துப் பேசாத மனிதர்.

"பறவாயில்லை தங்கச்சி. முதல் தரம்தானே," என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்தால் நல்லது என்றிருந்தது. நானல்ல, அவர்கள் இரண்டு பேரும் அதற்குள் போவதற்கு.

இரண்டாவதைக் கவிழ்த்துச் செய்ய வேண்டும் என்று நான்தான் சொன்னேன். பழைய தகட்டு டிஷ்ஷைக் குப்புறப் போட்டு, அதன் முதுகில் இருந்த தாங்கிகளைக் கழற்றி, துளைகளுக்குப் புட்டி அப்பி, விளிம்பின் மடிப்பை இவர் வெட்டினார். மச்சாள் மெழுகு பூசித் தேய்த்தாள். அந்த மேட்டின்மேல் முதலில் வெள்ளைப் பூச்சு. அது ஒட்டுப்பதமாக இருக்கும்போதே வலை. வலைக்குப் பிறகுதான் பாயும் ரெசினும். ஆக, வலை இப்போது கடைசியில் அல்ல, தொடக்கத்தில். மணம் ஏலாது என்று சொன்ன நான் துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு பட்டறைக்குள் திரும்பிப் போனேன்.

பூச்சு இறுகுவதற்குள் போட்டு முடிக்க வேண்டும். நான் ஒரு பக்கம் நின்று இழுத்தேன், அவள் மறுபக்கம் நின்று பிடித்தாள். "இன்னும் கொஞ்சம் உங்கட பக்கம், மச்சாள்." "விடாதேயுங்கோ, விடாதேயுங்கோ." இதைத் தவிர வேறு கதை இல்லை. அவள் நன்றாகச் செய்தாள். மூச்சுக்கூட விடாமல் உருளையை உருட்டினாள். வலையில் ஒரு சின்ன நெளிவைக்கூட அந்த உருளை எழுப்பவில்லை. நன்றாகச் செய்தாளே என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கெட்டித்தனம் இல்லாதவள் என்றால் பொறாமைப்படுவதற்கு எனக்கு என்ன விசரா?

கழற்றினோம். நான் தடவிப் பார்த்தேன். ஒரு மேடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை. பூட்டியதும் மீற்றர் வீரிட்டுக் கத்தியது. ரீவியில் கிரிக்கெட் மைதானம் வந்தது, புல்லு எண்ணலாம் போல. இவர் துள்ளினார். மச்சாள் என் கையைப் பிடித்தாள். நானும் சிரித்தேன். அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

முதலாளி பார்க்க வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். உள்முகத்தைத் தடவி, "என்ன வழவழப்பு! பீங்கான் கோப்பை மாதிரி எல்லோ இருக்கு. ஆர் செய்தது?" என்று கேட்டார்.

"என்ர தங்கச்சி," என்றார் இவர். மூச்சு விடுகிற நேரம்கூட எடுக்கவில்லை.

நான் பக்கத்தில் நின்றேன். வலை வெட்டும் கத்தரி கையில் இருந்தது. அவள் என்னைப் பார்த்துவிட்டு, "வலை மச்சாள் போட்டது," என்றாள். வீட்டுக்கு வந்த பிச்சைக்காரருக்குச் சில்லறை கொடுக்கிற குரல்.

முதலாளி டிஷ்ஷைத் திரும்பவும் பார்த்தார். வெள்ளை. எங்கும் வெள்ளை.

"எந்த வலை?" என்று கேட்டார்.

இவர் சிரித்துவிட்டு நிறத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். வேண்டுமென்றால் நீலத்திலும் செய்யலாமாம். முதலாளி மற்றக் கட்டடங்களுக்கும் சொல்லிவிட்டுப் போனார். "முதல் அந்தக் கடற்கரைப் பக்கக் கட்டடத்துக்கு, கெதியா," என்று போகும்போதும் சொன்னார்.

எந்த வலை! முன்பு நான் செய்த டிஷ்கள் துருப்பிடித்தாலும் உக்கிப்போனாலும் ஒழுங்கையால் போகிற எவரும் அண்ணாந்து பார்த்தால் வலை தெரியும். இதழ் இதழாக, றிவெட் றிவெட்டாக. இது அந்த உதவாக்கரை மனிசியின் கைவேலை என்று ஏசவாவது ஒருவருக்குத் தெரியும். இப்போது நான் பூச்சுக்குள் போய்விட்டேன். இனி என் வலை துருப்பிடிக்காது, பூக்காது, கனகாலம் இருக்கும், அப்படி ஒன்று இருக்கிறது என்று ஒரு சீவனுக்கும் தெரியாது. அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை. ஏன் தின்னவில்லை என்று கேட்கவும் ஆள் இல்லை. அண்ணனும் தங்கையும் அடுத்த டிஷ்ஷுக்கு மெழுகு காணுமா, காணாதா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் வலைச் சுருளையும் கத்தரியையும் எடுத்துக்கொண்டு போய் அறையில் உள்ள அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். சாவியைச் சட்டைக்குள் போட்டேன். கதிரையை இழுத்துப் பட்டறை வாசலில் போட்டு இருந்தேன்.

அச்சில் மெழுகு தேய்த்து முடிந்தது. மச்சாள் வெள்ளைப் பூச்சைக் கலக்க வாளியை எடுத்தாள். இவர், "இஞ்சேரும், வலை எங்க?" என்று கேட்டார்.

"எந்த வலை?" என்றேன்.

"உதென்ன விசர்க்கதை? பூச்சுக் கலந்தால் பிறகு நேரமில்லை. எடுத்துக்கொண்டு வாரும்."

"வலை இல்லாமல் செய்யுங்கோ. வழவழப்பா வரும். பீங்கான் கோப்பை மாதிரி."

"வலை இல்லாமல் என்னண்டு படம் வரும்?"

"அதை எனக்கு ஏன் சொல்லுறியள்? முதலாளிக்கு எடுத்துச் சொல்லுங்கோ. இப்ப. எனக்கு முன்னால. கேட்டதுக்குப் பிறகுதான் அலுமாரி திறபடும்."

அவர் என்னைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். நான் அசையவில்லை. "சரி, சரி, பெரிய வில்லங்கம்," என்று முணுமுணுத்துக்கொண்டு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். முதலாளியின் குரலுக்குப் பின்னால் கடலும் காக்காய்களும் கேட்டன.

"முதலாளி, நேற்று நீங்கள் ஒண்டு கேட்டனீங்கள், வலை என்னெண்டு." தொண்டையைச் செருமினார். "அந்த வெள்ளைக்கு உள்ளுக்க அலுமினிய வலை ஒண்டு இருக்கு. படத்தைப் பிடிக்கிறது அதுதான், முதலாளி. அதை என்ர மனிசி போட்டது. முதல் செய்தது பிழைச்சுப் போச்சு, பிழையைக் கண்டு பிடிச்சதும் அவதான்." பிறகு, சொல்லத் தொடங்கிய உசாரில், நான் கேட்காததையும் சொன்னார். "உண்மையச் சொன்னால் அவவின்ர வலை இல்லாட்டில் உது டிஷ்ஷே இல்லை. வெறும் தொட்டி. தண்ணி நிரப்பி மாட்டுக்கு வைக்கலாம்."

முதலாளி அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தார். இவரும் சிரித்தார். நான் மச்சாளைப் பார்த்தேன்.

அவள் சிரிக்கவில்லை. பூச்சு வாளியைக் கையில் பிடித்தபடி அண்ணனின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு கோணியிருந்தது. அந்தப் பார்வை எப்படிப்பட்டது, அது தொண்டையில் எந்த இடத்தில் அடைக்கும், அதை விழுங்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்றெல்லாம் எனக்குத் தெரியும். எனக்கு வயிறு குளிர்ந்தது. நன்றாகக் குளிர்ந்தது.

"தொட்டியாமே, மச்சாள்," என்றாள் மெல்ல.

நான் சட்டைக்குள் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"ஓம், மச்சாள்," என்றேன். "எனக்கும் கேட்டது."